டாப் மாடல் என்றார்கள், வாங்கிவிட்டோம்

மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய எங்கள் முதல் காரின் கதவைத் திறந்தால் காயாத துணி வாடை அடிக்கும். பையன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டான் என்று முதலில் அவனைத் திட்டினேன். அப்புறம் ஏசி தண்ணீர் உள்ளே கசிகிறது என்று ஒருவர் சொல்ல, அதற்கும் கொஞ்சம் பணம் அழுதேன். வாடை போகவில்லை. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருந்த கால்மிதியை எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் இருந்த கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்தினார். விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஊறி மேலே வந்தது.

"தம்பி, இது ஏசி தண்ணி இல்ல. மேலேர்ந்து வருது."

மேலே என்றால் சன்ரூஃப். அந்தக் காரை நாங்கள் வாங்கியதே அதற்காகத்தான். டாப் மாடல், சன்ரூஃப், லெதர் சீட், பெரிய ஸ்கிரீன், சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். இருபது நிமிடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இருபது நிமிடத்தில் பேனட்டைத் திறந்து பார்த்தது ஒரு நிமிடம்கூட இருக்காது, அதிலும் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும் என்று கணக்குப் போட்டே அதைச் செய்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றி ஒரு தொட்டி மாதிரி பள்ளம் இருக்கும், அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி, தண்ணீரைக் காருக்கு வெளியே விடும். இலைத் தூளும் மண்ணும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்பி, தண்ணீர் கூரைத் துணிக்குப் பின்னால் இறங்கி வந்து காலடியில் தேங்கும். கம்பளத்துக்கு அடியில்தான் பல கார்களில் வயர் கட்டுகள் ஓடுகின்றன. எங்கள் காரில் முதலில் ஒரு பக்க பவர் விண்டோ கோளாறு செய்தது, அப்புறம் காரைப் பூட்டினால் தானாகவே திறந்துகொள்ள ஆரம்பித்தது. வாங்கும்போது சன்ரூஃபைத் திறந்து, தொட்டியின் மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்திருந்தால் முடிந்திருக்கும். இதைப் படிப்பவர்கள் யாராவது சன்ரூஃப் வைத்த பழைய கார் பார்க்கப் போனால் தயவுசெய்து அந்த அரை டம்ளரைக் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த வருடம் அந்தக் காரை விற்றுவிட்டு (கசிவை மறைக்காமல் சொல்லித்தான் விற்றோம், விலையும் அதற்கேற்ப அடிவாங்கியது) இன்னொரு செகண்ட் ஹேண்ட் கார் தேட ஆரம்பித்தபோது, வசதிகள் நிறைய உள்ள கார்தான் வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வீட்டில் ஐந்து பேர், அதில் ஒருவர் எழுபதைத் தாண்டியவர், ஒருவர் இன்னும் குழந்தை சீட்டில் உட்காருகிறவர். வெறும் நாலு சக்கரமும் ஸ்டீயரிங்கும் போதும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் இந்த முறை, எத்தனை வசதி என்று எண்ணாமல், ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கேள்வி கேட்டோம். இது இந்தக் காரில் இல்லாவிட்டால் பின்னால் நான் போட்டுக்கொள்ள முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதி பட்டியல் தானாகக் கரைந்துபோனது. பெரிய டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ரிவர்ஸ் சென்சார், நல்ல ஸ்பீக்கர், அலாய் வீல், லெதர் சீட் கவர், போன் சார்ஜர் எல்லாம் வெளியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். காரோடு வந்த ஆறேழு வருடப் பழைய ஸ்கிரீனைவிட இன்று வெளியே வாங்கி மாட்டும் ஸ்கிரீன் பல சமயம் நன்றாகவே இருக்கிறது. போனைக் காரின் ஸ்கிரீனில் காட்டும் கார்பிளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதற்கடுத்த வருடமும்தான் வந்தன. அதற்கு முந்தைய கார்களில் உள்ள வரைபடத்தை இன்று யாரும் தொடுவதுகூட இல்லை. அதற்காக விற்பவர் கேட்கும் கூடுதல் பணத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்?

பின்னால் எந்தக் காசு கொடுத்தாலும் பெரும்பாலும் ஏற்ற முடியாதவை வேறு. ஏர்பேக்குகள், அதிலும் பக்கவாட்டில் கூரையிலிருந்து திரைபோல விரிபவை. பின் சீட்டின் நடுவில் உட்காருகிறவருக்கும் தோளைத் தாண்டி வரும் மூன்று முனை பெல்ட். குழந்தை சீட்டை நேராகக் காரின் எலும்புக்கூட்டோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள். அப்புறம் இஎஸ்சி. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் இஎஸ்பி என்பார்கள், வேலை ஒன்றுதான். வளைவிலோ ஈரச் சாலையிலோ கார் நாம் திருப்பிய திசையை விட்டு விலகப் பார்த்தால், எந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட வேண்டுமோ அதற்கு மட்டும் போட்டு வண்டியை இழுத்துக்கொண்டு வரும். மனிதக் காலால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1997இல் மெர்சிடிஸ் தன் சிறிய காரான ஏ கிளாஸைக் கொண்டுவந்த கையோடு, ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒன்று அதைச் சோதித்தது. சாலையில் திடீரென்று ஒரு கடமான் வந்து நின்றால் எப்படி ஒடித்துத் திருப்புவோமோ அப்படி ஒரு சோதனை. கார் குட்டிக்கரணம் போட்டது. கம்பெனி விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, அதுவரை விலையுயர்ந்த பெரிய கார்களில் இருந்த இஎஸ்சியை அந்தச் சின்னக் காரின் எல்லா மாடல்களிலும் கட்டாயம் வருமாறு செய்துதான் மீண்டும் விற்றது. பிறகு சட்டமும் வந்தது. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய கார்களிலும் இது இருந்தாக வேண்டும். ஆனால் உலகம் முழுக்க அப்படி இல்லை. ஒரே காரின் டாப் மாடலில் இஎஸ்சியும் ஆறு ஏர்பேக்கும் இருக்கும், பேஸ் மாடலில் இரண்டு ஏர்பேக்கோடு முடித்திருப்பார்கள், வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் வழுக்கும் கார் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அது எரியவே இல்லையென்றால் அந்த வசதி அதில் இல்லை, அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

காரை மோதவிட்டுச் சோதித்துக் கொடுக்கும் ஸ்டார் ரேட்டிங்கைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாரோடு அது கொடுக்கப்பட்ட வருடத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேர்வுத்தாள் சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாகிக்கொண்டே போகிறது. 2005இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் 5 ஸ்டார் வாங்கிய ஃபியட் கிராண்டே புன்டோவின் அதே பழைய உடம்பு, புன்டோ என்ற பெயரில் 2017இல் சோதிக்கப்பட்டபோது ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. சோதித்தது எந்த வேரியன்ட், அதில் எத்தனை ஏர்பேக் என்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கும். விற்பவர் "ஃபைவ் ஸ்டார் சார்" என்பதும் நீங்கள் பார்க்கும் காரும் ஒன்றா என்று அங்கே தெரிந்துவிடும்.

சரி, மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. இருந்தால் சுகம், கெட்டால் பர்ஸ் காலி. தானாகத் திறக்கும் டிக்கி, காற்றில் மிதக்கும் ஏர் சஸ்பென்ஷன், கூரை முழுக்கக் கண்ணாடி, காற்று வீசும் சீட், இருபது விதமாக நகரும் சீட் மோட்டார்கள். புதுக் காரில் வாரன்டி இருக்கும் வரை இவை வரம். ஏழு வயதுக் காரில் இவை ஒவ்வொன்றும் எப்போது வேண்டுமானாலும் கையை நீட்டக்கூடிய கடன்காரன். எல்இடி ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹாலஜன் விளக்கில் பல்ப் போனால் பத்து நிமிட வேலை. எல்இடி என்றால் பல மாடல்களில் பல்பை மட்டும் மாற்ற வழியே கிடையாது, முழு விளக்கையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார்களில் கண்ணாடி உடைந்தால் கண்ணாடிச் செலவு மட்டும் அல்ல, பெரும்பாலான மாடல்களில் கேமராவை மறுபடி அளவு பிடித்து வைக்கிற செலவும் சேர்ந்து வரும். போனிலிருந்தே காரைப் பூட்டுவது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது போன்றவையும் சிம் கார்டும் கம்பெனியின் சேவையும் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். 2022இல் அமெரிக்காவில் 3ஜி நெட்வொர்க்குகளை மூடியபோது அதை நம்பியிருந்த பல கார்களில் அந்த வசதி அப்படியே போய்விட்டது, காரில் ஒரு குறையும் இல்லை.

இந்த மூன்று வகையையும் மனதில் வைத்துக்கொண்டால், எப்போதும் வரும் அந்தக் குழப்பம், அதாவது அதே பணத்துக்கு எட்டு வயது டாப் மாடலா அல்லது நாலு வயது பேஸ் மாடலா என்கிற குழப்பம், கொஞ்சம் எளிதாகிறது. என் பதில் இரண்டும் இல்லை. நடுவில் ஐந்தாறு வயதில் ஒரு நடு வேரியன்ட் கிடைக்கும். ஏர்பேக், இஎஸ்சி, ஆட்டோமேட்டிக் ஏசி, பின்னால் ஏசி காற்று, குரூஸ் கன்ட்ரோல் வரை இருக்கும், மேல்மாடிக் கண்ணாடியும் மோட்டார் சீட்டும் இருக்காது. விளம்பரங்களில் இந்த நடு வேரியன்ட் கார்களை யாரும் கத்தி விற்பதில்லை, அதனாலேயே பேரம் பேச இடம் இருக்கிறது. பேஸ் மாடலிலேயே பாதுகாப்பு விஷயங்கள் எல்லாமே இருக்கின்றன என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம், அது மாடலைப் பொறுத்தது.

வேரியன்ட் விஷயத்தில் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். அது ஸ்டிக்கர், தனியாகவே வாங்கக் கிடைக்கும். நாங்கள் பார்த்த ஒரு காரில் டாப் மாடல் எழுத்து இருந்தது, ஸ்டீயரிங்கில் பட்டன்கள் இல்லை. கேட்டதற்கு, "அந்த வருஷம் அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார் விற்றவர். பெரும்பாலான கார்களுக்கு 17 எழுத்தும் எண்ணுமாக விஐஎன் என்கிற அடையாள எண் ஒன்று உண்டு. பூஜ்யம், ஒன்று என்று குழப்பம் வரக் கூடாதென்று அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. அந்த எண்ணைக் கொடுத்தால் அது எந்த வேரியன்ட், எப்போது செய்தது, ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள். ரீகாலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த வெடிமருந்து வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளை ஆட்கள் மேல் வீசியது. பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய கார் மூன்று கை மாறியிருந்தால் அந்த ரீகால் கடிதம் யார் வீட்டுக்குப் போனதோ.

இனி காரைப் பார்க்கப் போகிற நாள். என் வழக்கம் இப்போது இதுதான், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பேனட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் எனக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் பொய் சொல்லாது. ஸ்டார்ட் ஆகும் அந்த முதல் சில நொடிகளில் கடகட சத்தமோ நீலப் புகையோ வந்தால் அப்போது வரும். சூடான பிறகு எல்லாம் நல்ல பிள்ளை ஆகிவிடும்.

அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். விற்பவர் நெளிவார், நெளியட்டும். ஒரு பட்டன் விடாமல் அமுக்கிப் பார்ப்பேன். நாலு கண்ணாடியும் முழுக்க இறங்கி ஏற வேண்டும், இறங்குவது சுலபம், ஏறும்போது திணறுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஏசியைக் குளிருக்கும் வைக்க வேண்டும், சூட்டுக்கும் வைக்க வேண்டும். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் சிவப்பாக எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லையென்றால்தான் பெரிய கோளாறு, வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்ட வேலையாக இருக்கலாம். சிலர் வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவதும் உண்டு, அப்போது இரண்டும் ஜோடியாக ஒரே நொடியில் அணையும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுங்கள். யாரும் இதைச் செய்வதில்லை. வழக்கமாக வெளியே வரும் பகுதியைத் துடைத்து வைத்திருப்பார்கள், சுருளின் அடியில் கிடக்கும் அந்தக் கடைசி முழத்தை யாரும் துடைப்பதில்லை. ஒரு காரில் அந்தக் கடைசி முழத்தில் கோடு போட்ட மாதிரி காய்ந்த சேறு இருந்தது, அதற்குக் கீழே துணியின் நிறமே வேறு. உள்ளே பளபளவென்று பாலிஷ் போட்டு, வாசனைத் திரவியம் தெளித்து வைத்திருந்த கார். வெள்ளத்தில் நின்ற வண்டி. விற்றவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்கே தெரியாது போலத்தான் இருந்தது, நான் எதுவும் சொல்லாமல் பெல்ட்டை விட்டேன், அது சுருண்டு உள்ளே போய்விட்டது. பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தேதியும் இருக்கும். கார் செய்தது ஒரு வருடம், ஒரே ஒரு பெல்ட்டின் தேதி மட்டும் அதற்கு இரண்டு வருடம் கழித்து என்றால் அந்தப் பக்கம் பலமாக அடிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் குறியீடுகளும் இப்படித்தான். டயரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் அந்த எண் பழசு என்றால் டயர் பழசுதான்.

காரின் கோளாறுப் பதிவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். தீப்பெட்டி அளவுதான், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால் போனில் காட்டும். எரர் கோடு எதுவும் இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். வருவதற்கு அரை மணி முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிற்க வைத்திருக்கலாம். அதே ஆப்பில் ரெடினஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். எரர் கோடுகளை அழித்ததும் கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வேலைகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், அவை முடியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அங்கே பாதி வரிகள் தயாராகவில்லை என்று காட்டினால், ஒன்று சமீபத்தில் பேட்டரி கழற்றியிருக்கிறார்கள் அல்லது எரர் கோடுகளை அழித்திருக்கிறார்கள். நான் பார்த்த இடத்தில், "நேத்துதான் பேட்டரி மாத்தினோம்" என்றார்கள். பேட்டரி மேல் தூசி ஒரு இஞ்ச்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு நான் நீட்டி முழக்கப் போவதில்லை. பள்ளிக்கூடமும் கடையும் மட்டும் போகிற வண்டியென்றால் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வைத்த புதிய டீசல் வேண்டாம். அந்த ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கக் கார் தொடர்ந்து சூடாக ஓட வேண்டும், எப்போதும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டமாகவே ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று கம்பெனியே சொன்னதாகப் பதில் வரும். யாருடைய ஆயுள் என்று எங்கள் மெக்கானிக் கேட்பார்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதை நான் தாமதமாகக் கற்றேன். ஒரு காரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் ஏறக்குறைய முடித்துவிட்டேன், அம்மா பின் சீட்டில் ஏற ஒரு காலை வைத்தார், மற்ற காலைத் தூக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உயரமா இருக்குடா, பரவாயில்ல, பழகிக்கலாம்" என்றார். பரவாயில்லை என்று அம்மா சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை சீட்டையும் தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்தோம். அது நடுவில் வந்தால் இருபுறமும் பெரியவர்கள் உட்கார முடிகிறதா, பெல்ட் கொக்கி சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறதா என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இருக்காது. ஏழு பேர் காரில் ஏழு பேரும் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடம் எங்கே என்பதையும் டிக்கியைத் திறந்து நேரில் பார்த்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, கையில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் பட்ஜெட் என்று மனைவியிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லா ஆயிலும், பிரேக் ஆயில் உட்பட, ஃபில்டர்கள், பேட்டரி, இரண்டு டயர், டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அது மாற்றியதற்கு ரசீது இல்லாவிட்டால் அதுவும் மாற்ற வேண்டி வரும், அந்தப் பங்கு அதற்குத்தான். டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு இன்ஜினே போய்விடும், அங்கே மட்டும் வாய்வார்த்தையை நம்புவதில்லை.

கடைசியாக வாங்கியது ஒரு சாம்பல் நிறக் கார், ஆறு வயது, நடு வேரியன்ட். ஆறு ஏர்பேக், இஎஸ்சி, பின்னால் மூன்று பேருக்கும் முழு பெல்ட், ஐசோஃபிக்ஸ். முதல் உரிமையாளர் பெட்ரோல் போட்ட ரசீதைக்கூட ஒரு ஃபைலில் தேதிவாரியாகக் குத்தி வைத்திருந்தார், அந்த ஃபைலைப் பார்த்ததும் எனக்குப் பாதி மனம் இளகிவிட்டது. ஸ்கிரீன் சின்னது, அதை மாற்றி ஒரு கேமராவும் போட்டாகிவிட்டது. பட்டனை அமுக்கினால் பின்னால் வருவதைப் பார்க்கும் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மடங்க வேண்டும், டிரைவர் பக்கம் மட்டும் மடங்குகிறது, இன்னொன்று உள்ளேயே உறுமிவிட்டு நிற்கிறது. வாங்குவதற்கு முன்பே அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டு விலையிலும் குறைத்தாகிவிட்டது. சரி செய்யலாம் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. வண்டியை நிறுத்தியதும் பையன் இறங்கி ஓடிப்போய் அதைக் கையால் மடக்கிவிட்டு வருகிறான், அவனுக்கு அது ஒரு வேலை.